ஒருவரும் தேத்தண்ணி குடிக்காத குளிர்காலம்

என் வயதுக்காரர்களே, முதலில் உங்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுங்கள். அது தலையில்தான் இருக்கும். நானும் வீடெல்லாம் தேடி, பிள்ளைகளைத் திட்டி, கடைசியில் முகம் கழுவப் போன இடத்தில் என் உச்சியில் அதைக் கண்டேன். முழங்கால் வானிலை அறிக்கை வாசிக்கும் வயது வந்துவிட்டது. நாளைக்குப் பனி கொட்டும் என்று என் இடது முழங்கால் இன்று காலையே சொல்லிவிட்டது. அது பொய் சொல்லாது. அந்த விஷயத்தில் அதற்கும் எனக்கும் உறவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு குளிர்காலத்தைப் பற்றி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து, பதினொரு வயது. நீங்களும் அப்போது இந்த ரொறன்ரோவில் ஏதோ ஒரு மாடிக் கட்டடத்தின் வாசலில், யாரோ வளர்ந்து கழித்த ஜக்கெட்டுக்குள் விரல் நுனி தெரியாமல் நின்றிருப்பீர்கள். என் ஜக்கெட் ஊதா நிறம். அதன் பைக்குள் பழைய சொந்தக்காரி மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறை இருந்தது. அந்தக் குளிர் முழுவதும் ஒரு கையை மட்டும் சூடாக வைத்திருந்தேன். ஒருநாள் வலது, ஒருநாள் இடது. இரண்டு கைக்கும் நீதி தவறாத ராணி நான்.

எங்கள் கட்டடம் ஸ்காபரோவில் இருந்தது. எலிவேற்றர் கதவு திறந்ததும் பொரித்த மிளகாய் வாசமும் ஈரக் கம்பள வாசமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். ஐந்தாம் மாடியில் அம்மாவும் நானும். அப்பா யாழ்ப்பாணத்தில். சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையின் மனேச்சர். "நீங்கள் முன்னால போங்கோ, நான் கடையை ஒப்படைச்சுப்போட்டுப் பின்னால வாறன்" என்று சொல்லி எங்களை அனுப்பியவர். அப்பா எதையும் சட்டென்று ஒப்படைக்கிற மனிதர் அல்ல. ஒரு கிலோ சீனி நிறுப்பதற்குத் தராசைத் துடைத்துத் துடைத்தே வாங்க வந்தவருக்கு வயதாக்கிவிடுவார். அதனால் அவர் வரவில்லையே என்று நாங்கள் முதலில் பயப்படவில்லை. துடைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம்.

ஏழாம் மாடியில் ஒரு அன்ரி இருந்தார். இந்த நாட்டில் அம்மாவுக்குக் கிடைத்த முதல் ஆள். அவருக்கு ரெலிபோன் தேவையே இல்லை. பல்கனியில் நின்று கூப்பிட்டால் பக்கத்துக் கட்டடத்திலும் யாராவது "ஓம்" என்பார்கள். அவருக்கு ஒரு மகன். என் வயது, என் வகுப்பு, என் எதிரி. இரண்டாம் மாடியில் வான் அங்கிள். விடியப்புறம் பெண்களை ஏற்றிப் பிஸ்கட் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதே பெண்களைக் குளித்த தலையோடு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோவார். அந்த வானின் ஆசனங்களில் பிஸ்கட் தூளும் திருநீறும் பிரித்தறிய முடியாமல் கலந்து கிடக்கும். நான் ஒருமுறை தெரியாமல் பிஸ்கட் தூளை நெற்றியில் பூசிக்கொண்டு சந்நிதியில் நின்றேன். பிள்ளையார் கோபிக்கவில்லை. அவர் இனிப்புப் பிரியர்.

எனக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு தொழில் இருந்தது: பகிடி விடுவது. "அன்ரியின்ர சாம்பாருக்குள்ள காயைக் காணேல்லை எண்டு பொலிசுக்குப் போன் அடிப்பமோ?" என்று கேட்டு, அன்ரியிடம் தலையில் குட்டு வாங்குவேன். "உவளுக்கு வாய் காதுவரைக்கும் கிடக்கு" என்று அம்மாவிடம் முறைப்பாடு போகும். அம்மாவும் ஒன்று போடுவார். குட்டு விழுந்தால்தான் பகிடி சரியாக வந்திருக்கிறது என்று பொருள். இன்றைக்கு மேடையில் நின்று பகிடி சொல்கிற பிள்ளைகளுக்குக் கை தட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் தலையில் தட்டினார்கள்.

அந்த ஐப்பசியில்தான் செய்தி வந்தது. உங்களுக்கு அந்த ரேடியோப் பெட்டி ஞாபகமிருக்கிறதா? தமிழ் ஸ்ரேசனை மட்டும் எடுக்கும், வேறு ஒன்றும் எடுக்காது. எங்கள் மாடியில் எல்லா வீட்டிலும் அது ஒன்று இருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் பாடும். எலிவேற்றரில் இறங்கி எங்கள் கதவுவரை நடந்தால் செய்தியில் ஒரு வசனம்கூட விடுபடாது. ஒரு கதவு நிறுத்திய இடத்தில் அடுத்த கதவு தொடங்கும். அப்படி நடந்து வந்த ஒரு பின்னேரம்தான் கேட்டேன்: சண்டை நெருங்கி யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் வெளிக்கிட்டுவிட்டது, ஊரில் ஒருவரும் இல்லை என்று. நான் கதவைத் திறந்தபோது அம்மா சப்பாத்துக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். "கொப்பர் குடை கொண்டு போயிருக்கமாட்டார்" என்றார், அப்பாவை நினைத்து. அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் அது பின்னால்தான் தெரிந்தது. வான் அங்கிளின் மச்சான் ஒருவர் எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து, அங்கிளுக்குப் போன் எடுத்திருக்கிறார். ஊரில் எங்கள் ஒழுங்கைக்காரர், அதே தெரு. இடம்பெயர்வுக்குச் சற்று முன்னால் எங்கள் வீட்டில் செல் குண்டு விழுந்து வெடித்தது, உள்ளே இருந்த ஆள் முடிந்துவிட்டார், பக்கத்தில் நின்றவர்கள் அவசரமாக அடக்கம் செய்துவிட்டு ஓடிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்த ஆள் என்றால் அப்பாதானே.

அங்கிள் அன்ரியிடம் சொன்னார். அன்ரி, அதிசயமாக, மெல்லிய குரலில் மற்றவர்களிடம் சொன்னார். கட்டடமே கூடி ஒரு முடிவெடுத்தது: இப்போதைக்கு அம்மாவுக்குச் சொல்வதில்லை. நம் ஆட்களின் முறை உங்களுக்குத் தெரியும். சாவை அயலார் போய்ச் சொல்லக்கூடாது. உரித்துக்காரர் ஒருவர் வந்து சொல்லவேண்டும். அம்மாவுக்கு உரித்து என்று இந்த நாட்டில் இருந்தது ஒரே ஒரு தம்பி, மொன்றியலில். பேக்கரியில் வேலை. இந்தச் சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பனிப்புயலில் நெடுஞ்சாலை மூடிவிட்டது. இப்படியே மாமா வராமல் வராமல், எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியாத ஒரு செத்த வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

முதலில் ரேடியோ போனது. மரண அறிவித்தல் வாசித்துவிடுவார்களோ என்ற பயம். அன்ரி வந்து, "எங்கட பெட்டி பழுதாப் போச்சு, கொஞ்ச நாளைக்கு இரவல் தா பிள்ளை" என்று எடுத்துப்போனார். பிறகு ஒருநாள் ஏழாம் மாடிக்குப் போனபோது அங்கே இரண்டு அறையில் இரண்டு பெட்டி ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தன. அன்ரி என்னைக் கண்டதும் ஒன்றின் மேல் ஏறி உட்காராத குறையாக மறைத்தார். அவருடைய சேலைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் விவசாயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு சாப்பாடு வரத் தொடங்கியது. கத்தரிக்காய், பருப்பு, பூசணிக்காய். நாளும் பொழுதும் மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகளிலிருந்து சைவக் கறியாக வந்து குவிந்தது. "ஏன் அன்ரி, கனடாவில மீன் எல்லாம் அகதியா வேற நாட்டுக்குப் போட்டுதோ?" என்று கேட்டேன். குட்டுக்குத் தலையைத் தயாராகக் குனிந்தும் வைத்தேன்.

குட்டு விழவில்லை. அன்ரி சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பிடித்து இறுக்கி அணைத்தார். அவருடைய கன்னம் ஈரமாக இருந்தது.

அந்த ஈரத்தை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். பகிடியில் நான் ஒரு படி ஏறிவிட்டேன், ஆட்கள் கண்ணீர் வரச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பாருங்கள் என் மண்டையை. அந்தக் கிழமை முழுவதும் எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். எலிவேற்றர் எந்த மாடியில் நிற்கிறது என்று சொன்னதற்கே ஒரு அம்மா சிரித்து, மூக்கைத் துடைத்தார். சோதித்துப் பார்க்க, பகிடியே இல்லாத ஒன்றைச் சொன்னேன்: "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை." அதற்கும் சிரிப்பு. அன்றைக்குத்தான் ஏதோ பிழை என்று எனக்குப் பட்டது. சொன்ன எதற்கும் சிரிக்கிற ஆட்கள் நடுவில் நிற்பது எவ்வளவு தனிமை என்பது, அதில் நின்றவருக்குத்தான் தெரியும்.

எதிரியும் மாறிவிட்டான். நாங்கள் கொரிடோரில் கிரிக்கெட் விளையாடுவோம். குப்பை அறையில் கண்டெடுத்த உடைந்த ஹொக்கித் தடிதான் மட்டை. அவன் அவுட் என்றால் ஒத்துக்கொள்ளாத பிறவி. இப்போது நான் பந்து போடுமுன்பே அவுட் ஆகிறான். அதோடு ஒருநாள் அவன், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "உங்கட வீட்டுக்கு வந்திட்டுப் போனா அம்மா என்னைத் தலையில தோயச் சொல்லுறா. ஹெயார் காயவே இல்லை, ஸ்கூலில ஐஸ் ஆகுது" என்றான். எங்கள் வீடு நாறுகிறதோ என்று நினைத்தேன். அன்று பின்னேரம் சோப்பை எடுத்துக் கையை, காலை, ஊதா ஜக்கெட்டின் அக்குளை எல்லாம் தேய்த்தேன். அம்மா கேட்டார், "என்னடி, கலியாணமோ?" "ஓம், மாப்பிளையைத்தான் காணேல்லை" என்றேன்.

வெள்ளிக்கிழமை வான் எங்களை விட்டுவிட்டுப் போனது. "இண்டைக்கு வான் பழுது அக்கா, கோயிலுக்குப் போகேல்லை" என்று அங்கிள் சொல்லிவிட்டுப் போய்ச் சற்று நேரத்தில், நான் பல்கனியில் நின்று பார்க்கிறேன்: கீழே அந்தப் பழுதான வான் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. பட்டுச்சேலைக்கு மேல் ஜக்கெட் போட்ட பெண்கள், பனியில் சறுக்காமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். அன்ரி கடைசியாக ஏறும்போது மேலே பார்த்தார். நான் கை காட்டினேன். அவர் பார்க்காத மாதிரி ஏறிவிட்டார். வான் திரும்பி வீதியில் இறங்கி, அதன் பின் விளக்குகள் மற்ற விளக்குகளோடு கலந்து போகும்வரை நின்றேன். திரும்பினால் அம்மா எனக்குப் பின்னால் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. "குளிருது, உள்ளுக்கு வா" என்றார்.

எதிரியிடம்தான் கேட்டேன். அவன் மறுபடியும் வேண்டுமென்று அவுட் ஆனபோது.

"ஏன்டா விட்டுத் தாறாய்?"

"உன்னோட நைஸா இருக்கச் சொல்லி அம்மா சொன்னவ."

"ஏன்?"

"ஐ கான்ற் ரெல்."

"சொல்லாட்டி உன்ர பந்தைக் குப்பைக் குழாயுக்குள்ள போடுவன்."

அந்தப் பந்து அவனுடைய உயிர். அவன் பந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "போடு" என்றான்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் சொன்னான். பாவம், அவனாலும் வைத்திருக்க முடியவில்லை. "உங்கட வீட்டில செல் விழுந்ததாம். உன்ர அப்பா இல்லையாம். கொம்மாவுக்குச் சொல்லிடாதை, பிளீஸ்."

நான் பந்தை அவனிடம் கொடுத்தேன். "உன்ர முறை, நீ போடு" என்றேன். அவன் போட்டான். நான் அடித்தேன். வேறு என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பகிடி சொல்லத் தொடங்கினேன். வகுப்பு ரீச்சர் தும்மியது, எலிவேற்றருக்குள் நாய் ஒன்று என்னைப் பார்த்து வணக்கம் சொன்னது, வாயில் வந்ததெல்லாம். நிறுத்தினால் அந்தச் செய்தி வெளியே விழுந்துவிடும் என்று பயம். அம்மா சிரித்தார். வழக்கமாக இரண்டாவது பகிடியிலேயே "வாயை மூடு" என்பவர், கடைசிவரை சிரித்தார். அம்மாவும் சிரிக்கிறாரே என்று அரிகிற கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா அன்ரியையும் இன்னும் சில பெண்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். ரோஜாப்பூப் போட்ட கோப்பைகளை எடுத்தார். யாரோ வீட்டைக் காலிசெய்தபோது முற்றத்தில் வைத்து விற்ற கோப்பைகள்; விசேஷத்துக்கு மட்டும் எடுப்பார். தேத்தண்ணி ஊற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டு, எதிரே கதிரை போட்டு இருந்தார்.

"குடியுங்கோ அக்கா, ஆறுது."

"இப்பதான் குடிச்சுப்போட்டு வாறன் பிள்ளை" என்றார் அன்ரி.

"ஏலக்காய் போட்டனான். உங்களுக்குப் பிடிக்குமெண்டு."

"வயித்துக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு."

"அப்ப நீங்கள் குடியுங்கோவன்" என்று அம்மா மற்றவரைப் பார்த்தார்.

"நான் இண்டைக்கு விரதம்."

"என்ன விரதம்?"

அந்தப் பெண்ணுக்கு விரதத்தின் பெயர் வரவில்லை. கோப்பைகளில் ஆடை படர்ந்தது. நான் ஏதோ சொன்னேன், எல்லாரும் பலமாகச் சிரித்தார்கள், எழும்பிப் போனார்கள்.

செத்த வீட்டில் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, கழியும்வரை அயலார் வாய் நனைக்கமாட்டார்கள். போய்வந்தால் தலையில் தோய்வார்கள். அந்த வீட்டாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகமாட்டார்கள். அந்த வீட்டுக்கு மச்சம், மீனோ இறைச்சியோ, அனுப்பமாட்டார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் அரிச்சுவடி. அன்ரிமாருக்குப் பொய் சொல்ல வாய் வந்தது. குடிக்க வாய் வரவில்லை. ஒரு மிடறு குடித்திருந்தால் இரகசியம் பத்திரமாக இருந்திருக்கும். கடல் தாண்டி, பனி தாண்டி, பெயரைக்கூடச் சுருக்கிக்கொண்டு வந்த சனம், அந்த ஒரு மிடற்றைத் தாண்ட முடியாமல் அகப்பட்டுக்கொண்டது.

அம்மா நிறைந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அப்படியே ஒரே அறையில் இருவரும் தனித்தனியாகப் படுத்தோம்.

மொன்றியல் மாமா ஒருவழியாக வந்து சேர்ந்தார். காலை நேரம். மாமா ஆள் பெரிய மலை, குரல் சிறிய எலி. அவர் உள்ளே வருமுன்பே கொரிடோர் நிறைந்துவிட்டது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துத் தயாராக நின்றார்கள். நன்றாக ஒப்பாரி வைக்கத் தெரிந்த ஒரு வயதான அம்மாவை வேறு கட்டடத்திலிருந்து கூட்டிவந்து, எலிவேற்றருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிச் செருமிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றார் மாமா. "அத்தானுக்கு... கொஞ்சம் சுகமில்லையாம்."

"செத்துப்போனார் எண்டு சொல்ல வந்தனியோ?"

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒப்பாரி அம்மா ஒரு ராகம் எடுத்தார். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று அம்மா கதவைப் பார்த்துச் சொன்னார். ராகம் பாதியில் நின்றது. "வான்காரத் தம்பியைக் கூப்பிடுங்கோ."

வான் அங்கிள் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"கண்டது ஆர்?"

"மச்சான் வீட்டைக் கண்டவன் அக்கா. ஓடு எல்லாம் இறங்கிக் கிடந்ததாம்."

"வீட்டைக் கண்டவர். ஆளைக் கண்டவரோ?"

"உள்ளுக்கு இருந்த ஆள் சரி, முடிஞ்சுது எண்டு அங்க நிண்ட சனம் சொன்னதாம்."

"பேர் சொன்னவையோ?"

அங்கிள் தொப்பியைப் பார்த்தார். "உங்கட வீடு அக்கா. வேற ஆர் இருக்கப்போயினம்?"

"அப்ப ஆரும் முகம் பாக்கேல்லை." அம்மா எழுந்தார். "முகம் பாத்த ஒரு ஆள் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் பொட்டு அழிக்கமாட்டன். மீன் வாங்கித் தா தம்பி, நாளைக்குக் காய்ச்சவேணும்."

கொரிடோர் மெல்லக் கலைந்தது. பெண்கள் முடியை முடிந்துகொண்டார்கள். ஒப்பாரி அம்மாவை வானில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். போகும்போது அவர், "நல்லா வந்திருக்கும்" என்று வருத்தப்பட்டாராம். அன்று இரவு மாமாவும் மொன்றியலுக்கு பஸ் ஏறினார். அழுதுகொண்டே போனார்.

இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். என் கணக்கு எப்போதும் பிழைக்கும். அதற்குப் பிறகுதான் ஒருவரும் வரவில்லை. செத்த வீடென்றால் நம் ஆட்கள் வருவார்கள். கலியாண வீடென்றாலும் வருவார்கள். இரண்டும் இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கதவில் தட்டுகிற சத்தம் நின்றுபோனது. எலிவேற்றரில் எங்களைக் கண்டால் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வருவார்கள். "தலை மாறிப்போச்சுது பாவம்" என்று யாரோ அம்மாவைப் பைத்தியக்காரி ஆக்கியது எனக்கும் கேட்டது. அம்மா மீன் பொரித்தார். பொட்டு வைத்தார். வேலைக்குப் போனார். எனக்குச் சொல்வதற்குப் பகிடி இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. கொரிடோரில் தனியாகச் சுவரில் பந்தடித்தேன். சுவர் ஒருநாளும் அவுட் ஆகவில்லை, நல்ல ஆட்டக்காரன்.

தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள் யாரோ இருமினார். தராசைத் துடைக்கும்போது இருமுகிற அதே இருமல்.

"பிள்ளை, படிக்கிறியோ?" என்றார் அப்பா.

உயிரோடு வந்த மனிதர் கேட்ட முதற்கேள்வியைப் பாருங்கள். வவுனியாவில் ஒரு கடையிலிருந்து பேசினார். எனக்கு வாயே வரவில்லை. வாழ்நாளில் முதல் முறை. "ஓம் அப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா அழவில்லை. நின்றபடியே கேட்டார், "ஓம்... ஓம்... அப்ப வீட்டில ஆர்?" பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போன் வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் கொரிடோருக்கு ஓடி, அன்ரியின் குரலைக் கடன் வாங்கியது போலக் கத்தினேன். "அப்பா கதைச்சவர்! அப்பா கதைச்சவர்!"

கதவுகள் எல்லாம் திறந்தன. கொஞ்ச நேரத்தில் எங்கள் வீடு நிறைந்துவிட்டது. அன்ரி லட்டுப் பெட்டியோடு வந்தார். வான் அங்கிள் மச்சானைத் திட்டிக்கொண்டே அழுதார். யாரோ எங்கள் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்து உரத்துப் பாட விட்டார்கள். எதிரி என் முதுகில் ஒரு குத்து விட்டான். என்ன சுகமான குத்து.

"ரேடியோவை நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா இன்னும் தரையில்தான் இருந்தார்.

"இவர் அந்த நேரம் சங்கக்கடையில போய்ப் படுத்தவராம். வீட்டை, இடம்பெயர்ந்து வந்த ஒரு மனிசனுக்கு விட்டவராம். கலியாணம் கட்டாத மனிசன், தனி ஆள். செல் விழேக்க உள்ளுக்கு இருந்தது அந்த ஆள்தான்." அன்ரியின் லட்டுப் பெட்டியைப் பார்த்தார். "இது செத்த வீடு அக்கா. எங்கட வீட்டில ஒரு ஆள் செத்திருக்கு."

அன்ரி லட்டுப் பெட்டியை மூடினார். நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டறியாத மனிதர். அப்பா சொன்ன பெயரை அம்மா சொன்னார். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர், தனக்குக் கனடாவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று அப்பாவிடம் அடிக்கடி சொல்வாராம். அவளுக்குச் செய்தி போயிருக்காது.

வான் அங்கிள் எழுந்து எங்கள் போனை எடுத்தார். பிழையான செய்தியைக் கட்டடம் முழுவதும் கொண்டுபோன அதே வாய்கள்தான், அன்று பின்னேரத்துக்குள் அந்தத் தங்கச்சியைக் கண்டுபிடித்தன. ஊர் கேட்டு, பள்ளிக்கூடம் கேட்டு, யாருடைய சகலன் என்று கேட்டு, ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போய். எற்றோபிக்கோ என்ற பகுதியில் தனியாக இருக்கிறாள், ஹொட்டேலில் அறை துப்புரவாக்குகிற வேலை.

"அவவுக்கு இங்க உரித்துக்காரர் ஒருத்தரும் இல்லையாம் அக்கா" என்றார் அங்கிள். "ஆரைக் கொண்டு சொல்லுவிக்கிறது?"

அம்மா நாளைக்குப் போட ஜக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டில செத்தவர். நான்தான் உரித்து."

மறுநாள் காலை அங்கிள் எங்களைக் கொண்டுபோனார். வழி முழுவதும் பனி வீதியோரம் அழுக்காகக் குவிந்திருந்தது. அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சுகமில்லை எண்டு துவங்கமாட்டன்" என்று தனக்குத்தானே சொன்னார். கட்டடம் வந்ததும் அங்கிள் இறங்கவில்லை. "நான் வானைப் பாக்கிறன் அக்கா" என்றார். வானை யார் திருடப்போகிறார்கள்? எனக்கு அதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் காலுறை மட்டும். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, யாரோ தமிழ் ஆட்கள் வந்திருக்கிறார்களே என்று சிரித்தாள். "ஆரைத் தேடுறியள்?"

அம்மா அவளுடைய கையைப் பிடித்தார். "உங்கட அண்ணர் எங்கட வீட்டில இருந்தவர் தங்கச்சி. செல் விழுந்து செத்துப்போனார். சொந்தக்காரர் இல்லாமல் நான் வந்து சொல்லுறன், மன்னிக்கவேணும்."

அவள் கத்தவில்லை. அந்த ஒற்றைச் சப்பாத்தோடு உள்ளே நடந்துபோய்க் கட்டில் ஓரத்தில் இருந்தாள். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். நான் சுவரோடு நின்றேன். பிறகு அவள் கேட்டாள், "உங்கட வீடு எப்பிடி?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அண்ணர் இருந்த வீடு அக்கா. நான் காணேல்லைத்தானே. எந்த அறையில படுத்திருப்பார்?"

அம்மா சொல்லத் தொடங்கினார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருநாளும் வாயெடுக்காத வீட்டை, வாசற்படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா முன் அறையைத்தான் கொடுத்திருப்பார் என்றார். கிணற்றுத் தண்ணீர் உப்பில்லை என்றார். முன் அறைக்கு ஜன்னல் இருக்கிறது என்று சொன்னவர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த சொல்லுக்காக.

அதனால் நான் சொன்னேன். "அந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. காத்துக்கு அடிபடும். ஒரு கல்லு வைக்கவேணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "கல்லு எங்க கிடக்கும்?"

"ஜன்னலுக்குக் கீழதான். தட்டையான கல்லு."

"அண்ணருக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"முதல் நாளே தெரிஞ்சிருக்கும்" என்றேன். "அவ்வளவு காத்து வரும்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து, காலில் இருந்த அந்த ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றினாள்.